படகு உட்காரும் கட்டைக்கு எதைச் சுற்றலாம்?

“மூன்று ஏரிகளைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்க்கிறோம். தீவனம் போடவும் வலை விடவும் 12 அடி ஃபைபர் படகு ஒன்று இருக்கிறது. ஏரிக்கு ஏரி கொண்டுபோக, பட்டறையில் சொல்லி ஒரு சின்ன டிரெய்லர் செய்தோம். அதில் படகு உட்காரும் இரண்டு மரக்கட்டைகளுக்கும் சணல் சாக்கு சுற்றியிருக்கிறோம். ஒரே வருஷத்தில் படகின் அடியில் கோடு கோடாகத் தேய்ந்துவிட்டது. அங்கங்கே கொப்புளமும் கிளம்பியிருக்கிறது. சாக்குக்குப் பதிலாக டயர் டியூப் சுற்றலாமா? வீட்டில் கிடக்கும் பழைய கார்ப்பெட்டைப் போடலாமா?”

- ஒரு வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்.

நீங்கள் கேட்ட இரண்டுமே வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

தேய்மானத்துக்குக் காரணம் மணல். ஏரிக்கரை மணலும் சேறும் சணல் இழைக்குள் புகுந்துவிட்டால், அது சாக்கு இல்லை, உப்புத்தாள். மேடு பள்ளத்தில் டிரெய்லர் குலுங்கும் ஒவ்வொரு முறையும் படகின் அடியைத் தேய்க்கும்.

கொப்புளம் அதைவிடக் கவலைப்பட வேண்டிய விஷயம். ஃபைபர் படகின் மேலே வழவழப்பாகத் தெரிகிற பூச்சுக்கு ஜெல்கோட் என்று பெயர். இடைவிடாமல் ஈரம் பட்டுக்கொண்டே இருந்தால், நீர் அதன் வழியே மெல்ல உள்ளே இறங்கி, அடியில் தேங்கி, பூச்சை மேலே தள்ளும். அதுதான் கொப்புளம். நனைந்த சாக்கின் மேல் படகின் எடையும் அழுத்திக்கொண்டிருந்தால் நாலு நாள் ஆனாலும் உள்பக்கம் காயாது. படகைக் கரையேற்றி நிறுத்திவிட்டதாக நீங்கள் நினைக்கிறீர்கள். அந்த இரண்டு கோட்டில் மட்டும் அது இன்னும் தண்ணீரில்தான் கிடக்கிறது. அதனால், மேலே போடும் பொருள் எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்று பார்க்காதீர்கள். எவ்வளவு சீக்கிரம் காய்கிறது என்று பாருங்கள்.

மூன்று ஏரிக்கும் ஒரே படகு என்பதால் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஈரச் சாக்கு ஒரு ஏரியின் தண்ணீரையே அடுத்த ஏரிக்குச் சுமந்துபோகிறது. ஆகாயத்தாமரைத் துண்டும் நத்தையும் அதோடு ஏறிக்கொள்ளும். மீன் பேன் தன் முட்டைகளைக் கல், கட்டை போன்ற கெட்டியான பரப்பில் ஒட்டவைக்கும் உயிரி. ஒரு ஏரியில் பேன் இருந்தால், காயாத படகும் கட்டையும் மற்ற இரண்டுக்கும் வழிகாட்டிவிடும். படகு தேய்ந்தால் பூசிக்கொள்ளலாம், மூன்று ஏரி மீனுக்கும் பேன் பிடித்தால் குத்தகைப் பணத்துக்கு என்ன செய்வீர்கள்?

டயர் டியூப் நீரைக் குடிக்காது, உண்மைதான். ஆனால் ரப்பர் வழுக்காது. படகை ஏற்றி இறக்கும்போது பிடித்து இழுக்கும், நாளடைவில் கிழியும், ஜெல்கோட்டில் கறுப்புக் கறையையும் விடும். டிரெய்லரின் முன்பக்கம் படகின் மூக்கு முட்டி நிற்கிற இடத்தில் ஒரு துண்டு கட்டிக்கொள்ளுங்கள், அதற்கு நல்லது.

வீட்டுக் கார்ப்பெட்டுகள் பலவற்றில் அடிப்பக்கம் சணலோ நுரையோ இருக்கும். சாக்கில் பட்ட பாட்டையே மறுபடியும் படுவீர்கள். கார்ப்பெட்தான் வேண்டுமென்றால், முழுக்க பாலிப்ரொப்பிலீன் இழையால் ஆன மெல்லிய ரகமாக வாங்குங்கள். கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டியதில்லை. நாலு இழையை உருவி, ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் போட்டு, காற்றுப் போக நன்றாக அமுக்கிவிடுங்கள். மிதந்தால் பாலிப்ரொப்பிலீன். நைலான், பாலியெஸ்டர், பருத்தி எல்லாம் மூழ்கிவிடும். இந்தக் கார்ப்பெட்டையும் கட்டையைச் சுற்றி முழுக்க மூடிவிடக் கூடாது. மேலேயும் பக்கவாட்டிலும் மட்டும் வரட்டும், அடிப்பக்கம் நீர் வடியத் திறந்திருக்கட்டும். ஆணியைப் பக்கவாட்டில்தான் அடிக்க வேண்டும், அதுவும் துருப்பிடிக்காத எஸ்.எஸ். ஆணியாக.

உங்களைப் போல அடிக்கடி ஏரி மாறுகிறவர்களுக்கு என் யோசனை, எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் பட்டை. 10 மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டை 4 அங்குல அகலத்துக்கு அறுத்து வாங்கிக் கட்டையின் மேல் பதிக்க வேண்டும். துளி நீரைக் குடிக்காது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றித் துடைத்தால் மணலும் போய்விடும். கார்ப்பெட்டைவிடச் செலவு கூடத்தான்; ஆனால் வருஷா வருஷம் மாற்றும் வேலை இல்லை. (மோட்டாருக்கு வாங்கிய கறுப்புக் குழாய் மிச்சம் இருக்கிறதே, அதைப் பிளந்து கவிழ்க்கலாமே என்று தோன்றும். வளைந்த பரப்பில் எடை முழுதும் ஒரே கோட்டில் இறங்கும், வேண்டாம்.)

பதிக்கும்போது கவனிக்க வேண்டியது, இந்தப் பிளாஸ்டிக் வெயிலில் நீளும். 10 அடிப் பட்டை உச்சி வெயிலில் ஒரு சென்டிமீட்டருக்கு மேலேயே நீண்டு, நடுவில் புடைத்துக்கொள்ளும். அதனால் இரண்டு இரண்டு அடித் துண்டாக வெட்டி, இடையில் சிறு இடைவெளி விட்டுப் பதியுங்கள். எஸ்.எஸ். திருகாணியின் தலை பட்டைக்குள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அமிழும்படி குழித்து முடுக்க வேண்டும். கட்டை, படகின் பின்பலகை வரை நீண்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். குறைவாக இருந்தால், எதைச் சுற்றினாலும் படகின் அடி வளையும்.

எச்.டி.பி.இ. நன்றாக வழுக்கும். சாக்கில் பழகிய கைக்கு இது புதிது. முன்கயிற்றை மேட்டிலேயே அவிழ்த்துவிட்டுக் கரைச் சரிவில் வண்டியை இறக்கினால், படகு தானே உருவிக்கொண்டு போய்விடும். டிரெய்லருக்குப் பின்னால் யாரும் நிற்க வேண்டாம், பிள்ளைகளை அண்டவே விடாதீர்கள். படகின் பின்பாதி தண்ணீரைத் தொட்ட பிறகுதான் கயிற்றைத் தளர்த்த வேண்டும்.

அலுமினியப் படகு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தாமிர உப்பு ஏற்றிப் பதப்படுத்திய மரத்தைக் கட்டையாகப் போடாதீர்கள், ஈரத்தில் அது அலுமினியத்தை அரிக்கும்.

இப்போது இருக்கிற கொப்புளங்களுக்கு: சாக்கை இன்றைக்கே கழற்றிவிட்டு, படகை நாலு பேராகச் சேர்ந்து இரண்டு பனந்துண்டின் மேல் கவிழ்த்துங்கள். கொப்புளத்தைத் திறந்து, நல்ல தண்ணீரில் கழுவி, உள்ளே ஈரம் துளியும் இல்லாதபடி பல நாள் காயவிட வேண்டும். பிறகு எபாக்சி மக்கு வைத்துத் தேய்த்துச் சமப்படுத்தலாம். ஈரத்தோடு மூடினால் அதே இடத்தில் மறுபடியும் கிளம்பும். ஆகவே மழைக்கு முன்பே இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.