கைத்தொலைபேசியும் காணி உறுதியும்

2025ஆம் ஆண்டு மார்ச் 28ஆந் திகதி, வெள்ளிக்கிழமை, அரசாங்க வர்த்தமானியில் ஓர் அறிவித்தல் வெளியாயிற்று. யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களிலும் ஏறத்தாழ 5,940 ஏக்கர் நிலத்துக்கு உரிமை கோருவோர் மூன்று மாதங்களுக்குள் முன்வந்து தம் உரித்தை நிலைநாட்டல் வேண்டும். தவறின் அந்நிலம் அரசுடைமையாகும் என்பது அதன் சாரம். வெள்ளைக்காரன் 1931இல் ஆக்கிவைத்த காணி நிர்ணயக் கட்டளைச் சட்டமே இதற்குக் கருவியாயிற்று.

யாரை முன்வரச் சொன்னார்கள்? வலிகாமத்திலிருந்து வன்னிக்கும், வன்னியிலிருந்து முள்ளிவாய்க்காலுக்கும், அங்கிருந்து முட்கம்பி முகாமுக்கும் துரத்தப்பட்ட மக்களை. உறுதி எங்கே என்று கேட்டால், ஓடிய வழியில் பெட்டியோடு போயிற்று என்பதன்றி வேறு பதில் அவர்களிடம் இல்லை. காணிக்குரியவர்களுட் சிலர் தமிழகத்து முகாம்களில் இருக்கின்றனர். சிலர் ஐரோப்பாவில் இருக்கின்றனர். சிலர் மண்ணுக்குள் இருக்கின்றனர். இவர்களுக்கு மூன்று மாதத் தவணை! கடன்காரனுக்குக்கூட இதனினும் நீண்ட தவணை கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம்.

எதிர்ப்புக் கிளம்பியது; வழக்கும் தொடரப்பட்டது. ஜூன் மாத இறுதியில், தவணை முடியும் தறுவாயில், உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நிலம் தப்பியதற்காக மகிழ்கிறோம். ஆனால் எம் நெஞ்சை அறுப்பது வேறொன்று. அந்த அறிவித்தல் எவ்விரும்புப் பெட்டியுள்ளும் ஒளித்து வைக்கப்பட்டிருக்கவில்லை. அரசாங்கத்தின் இணையத்தளத்தில் எவரும் பார்க்கக்கூடியதாகக் கிடந்தது. எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கையிலிருக்கும் கைத்தொலைபேசியில் நான்கு முறை விரல் தொட்டால் திறந்துவிடும். அவ்வாறிருந்தும் அது ஊர்ப் பேச்சாவதற்குப் பல வாரங்கள் சென்றன. அந்த வாரங்களில் எங்கள் வட்ஸ்அப் குழுக்களில் எதனைப் பரிமாறிக்கொண்டிருந்தோம்? காலை வணக்கப் பூப்படங்களையும், நடிகரின் புதுப்பட முன்னோட்டத்தையும், எவனோ ஓர் அயலவனின் சாதியை இழித்துரைக்கும் குரற்பதிவையும் அல்லவா?

இளைஞரை மாத்திரம் குறை கூறுவோருடன் நாம் சேர மாட்டோம். "போன் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டது" என்று திண்ணையிலிருந்து புலம்பும் பெரியோரை நாம் ஒன்று கேட்கிறோம்: கெடாத வழியிலே அதனைப் பயன்படுத்த நீங்கள் அவர்களுக்குத் தந்த வேலை யாது? ஒரு காலத்தில் எங்கள் வாசிகசாலைகளில் எழுத்தறிந்த ஓர் இளைஞன் பத்திரிகையை உரக்க வாசிப்பான், வெங்காயத் தோட்டத்திலிருந்து வந்த கமக்காரர் சுற்றியிருந்து கேட்பர், கேட்டதை விவாதிப்பர். அரசியல் ஊருக்குள் வந்தது அந்த வழியால். இன்று சனசமூக நிலையத்திலே கரம் பலகை இருக்கிறது. வாசிப்பவனும் இல்லை, கேட்பவனும் இல்லை.

எங்கள் இளைஞரால் இயலாதென்பதும் பொய். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. 2005இல் தன்னார்வலர் சிலர் 'நூலகம்' என்ற பெயரால் ஓர் இணைய நூலகத்தைத் தொடங்கினர். ஊர் ஊராகத் தேடிய பழைய நூல்களையும், பத்திரிகைகளையும், கோயில் மலர்களையும், கல்வெட்டுகளென நாம் வழங்கும் அந்தியேட்டி நினைவு மலர்களையும் பக்கம் பக்கமாகப் படியெடுத்து உலகத்தவர்க்குத் திறந்து வைத்தார்கள். எந்த அமைச்சரும் நாடா வெட்டிய வேலையன்று அது. பழைய நூலுக்குச் செய்ததைப் பழைய உறுதிக்கும், தோம்புப் பிரதிக்கும், காணி அனுமதிப்பத்திரத்துக்கும் ஒவ்வொரு கிராமத்திலும் ஏன் செய்தலாகாது? ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு இளைஞர் வீடு வீடாகச் சென்று படமெடுத்து, ஒரு பிரதியை உரியவரிடமும், மற்றொன்றை அவர் நம்பும் சட்டத்தரணியிடமும் பாதுகாப்பாகச் சேர்த்தால் அடுத்த தவணை வரும்போது வெறுங்கையுடன் நிற்க வேண்டியதில்லை. உறுதிகளைப் பொதுக் குழுவிற் போட்டுவிடலாகாது. மோசடிக்காரர் அதற்கே காத்திருக்கின்றனர்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் குளக்கட்டைத் திருத்த ஒதுக்கிய பணம் எவ்வளவு, ஒப்பந்தகாரர் யார், வேலை முடிந்ததெனக் கையொப்பமிட்ட உத்தியோகத்தர் யார் என்று கேட்க எந்தப் பிரசைக்கும் உரித்துண்டு. காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுத்து என்பதில் மின்னஞ்சலும் அடங்கும். எழுத இயலாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ளல் வேண்டும். பதினான்கு வேலை நாட்களுள் முடிவு தருதல் வேண்டும். மறுத்தால் மேன்முறையீடுண்டு, அதன்மேல் ஆணைக்குழுவுண்டு. கச்சேரி வாசலில் நாள்முழுதும் நின்று ஓர் இலிகிதரின் முகங்கோணலைச் சகிக்கும் கமக்காரனுக்கு, அவன் மகள் கைத்தொலைபேசியில் எழுதும் பத்து வரி அதனினும் பயன் தரும்.

தாய்மாரின் அச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. 2020, 2021ஆம் ஆண்டுகளில் முகநூலில் ஒரு படம் பகிர்ந்தமைக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் எங்கள் பிள்ளைகள் சிறை சென்றனர். 2024 ஜனவரியில் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ, ஐவர் கொண்ட ஓர் ஆணைக்குழுவின் கையிலே எது பொய் எனத் தீர்மானிக்கும் அதிகாரத்தை ஒப்படைத்தது. ஐந்தாண்டுவரை சிறைத்தண்டனையும் விதித்தது. 2022 ஏப்ரில் 3ஆந் திகதி, இளைஞர் வீதியில் திரளக்கூடாதென்று சமூக ஊடகங்களையே அரசாங்கம் அடைத்துப் பார்த்தது. அந்த அடைப்பு ஒரு நாளும் நிலைக்கவில்லை. அடைக்கச் சொன்ன ஆட்சியின் தலைவர் ஜூலை மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து தம் பதவி விலகலை மின்னஞ்சலில் அனுப்பிவைக்க நேர்ந்தது!

ஆயினும் பொய்க்கு நாம் வக்காலத்து வாங்கோம். 2018இல் திகனையில் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது, நெருப்புக்கு நெய் வார்த்தவை முகநூல் வதந்திகள். அந்நிறுவனமே 2020இல் வருத்தந் தெரிவித்தது. அதே நெய் எங்கள் வீட்டுப் போத்தலிலும் இருக்கிறது. ஆதாரமில்லாத குரற்பதிவை அனுப்புகிறவன் தமிழனாயிருப்பதால் அது உண்மையாகிவிடாது. வர்த்தமானி இலக்கமும், திகதியும், பக்கமும் காட்டி எழுதுபவனைச் சிறைப்படுத்துவது எந்த அரசுக்கும் எளிதன்று. வசைமாரி பொழிபவனைப் பிடிப்பதோ மிக எளிது.

சட்டத்தரணிகளே, பொறியியலாளரே, வைத்தியர்களே, ஆசிரியர்களே! தேர்தற் காலத்தில் மேடையேறும் உங்களிடம் நாம் கேட்பது மாதத்தில் ஒரு மாலை. வர்த்தமானியின் மொழி இளைஞனுக்கு விளங்காது. அளவைப் படத்தின் கோடும் விளங்காது. அதனை விளக்கித் தருவது உங்கள் கடன். எங்கள் அரசியல்வாதிகளுக்கோ தம் பிறந்தநாட் படத்துக்கு விருப்பக்குறி இடும் இளைஞரே போதும். கேள்வி கேட்கும் இளைஞர் தேவைப்படுவதில்லை. ஆகவே அவர்களுக்காகக் காத்திருத்தல் வீண்.

வர்த்தமானி வெள்ளிக்கிழமைதோறும் வெளிவருகிறது. வருகிற வெள்ளிக்கு முன்னர் ஒவ்வொரு சனசமூக நிலையமும் கமக்காரர் அமைப்பும் கூடி, அதனைத் திறந்து வாசிக்கும் பொறுப்பை இரண்டு இளைஞரிடமும் இரண்டு யுவதிகளிடமும் ஒப்படைக்கட்டும். ஞாயிறு மாலை அவர்கள் வாசிக்க, ஊர் சுற்றியிருந்து கேட்கட்டும்.