ஜாமீன் கிடைத்தவர் ஏன் இன்னும் உள்ளே?

2022 நவம்பர் 26, அரசியல் சாசன நாள். உச்ச நீதிமன்றம் டெல்லியில் நடத்திய விழாவில், எழுதி எடுத்து வந்த உரையை வாசித்து முடித்த குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு, அதோடு உட்காராமல் இந்தியில் தன் போக்கில் பேச ஆரம்பித்தார். யாரையோ கன்னத்தில் அறைந்ததுபோன்ற சின்ன விஷயத்துக்கெல்லாம் வருடக்கணக்கில் உள்ளே கிடப்பவர்களைப் பற்றிச் சொன்னார். வழக்கு நடத்தினால் வீட்டில் இருக்கிற பாத்திரம் பண்டமும் போய்விடுமே என்று பயந்து, பெற்றவர்களே அவர்களை வெளியே எடுக்க வருவதில்லை என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். சிறைகளில் இடமில்லை, புதிதாகக் கட்ட வேண்டும் என்கிறீர்களே, நாடு முன்னேறுகிறது என்றால் சிறைகள் குறையத்தானே வேண்டும்?

மேடையில் தலைமை நீதிபதியும் சட்ட அமைச்சரும் இருந்தார்கள். மூன்றாம் நாள் உச்ச நீதிமன்ற அமர்வு ஒன்று அந்தப் பேச்சைக் குறிப்பிட்டு, ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர்கள் எத்தனை பேர் என்று எல்லா மாநிலச் சிறைகளும் 15 நாட்களில் கணக்குக் கொடுக்க வேண்டும் என்றது. தேசிய சட்டப்பணிகள் ஆணையம் தொகுத்துக் கொடுத்த கணக்கில் கிட்டத்தட்ட 5,000 பேர் இருந்தார்கள். ஆணையம் 2,357 பேருக்கு உதவி செய்து, அதில் 1,417 பேர் வெளியே வந்தார்கள்.

எனக்கு இந்த எண்களைவிட, கேட்ட பிறகுதான் எண்ணினார்கள் என்பதுதான் உறுத்துகிறது. நீதிபதி கையெழுத்துப் போட்டு "போகலாம்" என்று சொன்ன ஆயிரக்கணக்கான மனிதர்களுக்கு அரசு மூன்று வேளை சோறு போட்டுப் பூட்டி வைத்திருக்கிறது. அவர்களைப் பட்டியல் எடுக்கக் குடியரசுத் தலைவர் மனம் பொறுக்காமல் பேசியாக வேண்டியிருந்தது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 டிசம்பர் 31 அன்று இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். இடம் இருந்தது 4,36,266 பேருக்கு. உள்ளே இருந்தவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நூற்றுக்கு 75 பேருக்கு மேல். குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் சொல்லாத அவர்களைக் கொண்டே மொத்தச் சிறையும் அநேகமாக நிரம்பிவிடுகிறது. தண்டனை பெற்றவர்களை வைக்கத்தான் கூடுதல் இடம் தேவைப்படுகிறது! இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு புதிய சிறைக்கு நிலம் எடுப்பதும், டெண்டர் விடுவதும், அதைச் சீர்திருத்தம் என்று அறிவிப்பதும் பல மாநிலங்களில் நடக்கிறது. சுவர் கட்டினால் திறப்பு விழா நடத்தலாம். விசாரணைக் கைதி ஒருவரைச் சட்டப்படி வெளியே விட்டால் ரிப்பன் வெட்ட ஆள் வராது.

ஜாமீன் கிடைத்தவர் ஏன் வெளியே வருவதில்லை? மாவட்ட நீதிமன்ற வளாகம் ஒன்றில் திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஜெராக்ஸ் கடைப் பக்கம் போய் நின்று பாருங்கள். நான் நின்றபோது ஓர் அம்மா மஞ்சள் பையோடு வக்கீல் குமாஸ்தாவிடம் பேசிக்கொண்டிருந்தார். பையில் ரேஷன் கார்டு, ஆதார், வீட்டு வரி ரசீது. மகனுக்கு ஜாமீன் ஆகிவிட்டது. பத்தாயிரத்துக்கு இரண்டு ஜாமீன்தாரர், அதில் ஒருவர் ரத்த உறவு என்று உத்தரவு.

"ரசீது உங்க மாமனார் பேர்ல இருக்கேம்மா. அவரு வருவாரா?"

"அவரு செத்துப் பல வருசம் ஆச்சு சார்."

"அப்ப செல்லாது. உங்க தம்பி?"

"திருப்பூர்ல பனியன் கம்பெனி. ரெண்டு நாள் லீவு போட்டா ஆளை மாத்திடுவாங்க. அவனுக்கும் சொந்த வீடு கிடையாது."

குமாஸ்தா நல்லவர்தான். குரலைத் தாழ்த்தி, "வெளியில ஆள் இருக்கு. செலவாகும்" என்றார். வாடகைக்கு வந்து நிற்கும் ஜாமீன்தாரர்களை அந்த வளாகத்தில் எல்லோருக்கும் தெரியும். சொத்து இல்லாதவருக்கு நீதிமன்றம் சொத்துச் சான்று கேட்கிறது. அவர் கடன் வாங்கித் தரகரிடம் போகிறார். அந்தக் கடன் புரளும் வரை மகன் உள்ளேதான்.

இதை 1978-லேயே ஒருவர் தீர்த்து எழுதிவிட்டார். மோத்தி ராம் வழக்கில் ஓர் ஏழைக் கொத்தனாரிடம் மத்தியப் பிரதேச மாஜிஸ்திரேட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். அண்ணன் தம்பி என்று வந்தவரையும், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார். உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் கொதித்துப்போனார். ஒரு தமிழரோ மலையாளியோ பஸ்தரிலோ சாந்தினி சௌக்கிலோ கைதானால் அங்கே ஜாமீனுக்கு யாரைத் தேடுவார் என்று தீர்ப்பிலேயே கேட்டார். கிருஷ்ணய்யருக்கு இந்தக் கோபம் புத்தகத்தில் படித்து வந்ததல்ல. கம்யூனிஸ்ட்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்ற சந்தேகத்தில் 1948-இல் அவரையே பிடித்து உள்ளே வைத்தார்கள். பிறகு 1957-இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சட்டத்தோடு சிறைத்துறையையும் கவனித்தார். உள்ளே இருந்து பார்த்தவர் அமைச்சராவது நம் நாட்டில் அபூர்வம் இல்லைதான். பதவி வந்த பிறகும் அதை மறக்காதவர்தான் அபூர்வம்.

அடுத்த ஆண்டு ஹுசைனாரா காத்தூன் வழக்கு. பீகார் சிறைகளில், செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றத்துக்குரிய முழுத் தண்டனைக் காலத்தையும் தாண்டி விசாரணைக் கைதிகளாகவே இருந்தவர்களைப் பற்றிப் பத்திரிகையில் வந்த கட்டுரைகளை வைத்து வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி தொடுத்தது. விரைவான விசாரணை அடிப்படை உரிமை என்ற தீர்ப்பு வந்தது. சட்டக் கல்லூரியில் எல்லோரும் படிக்கிறார்கள்.

ஆக, தீர்ப்புக்கோ சட்டத்துக்கோ பஞ்சமில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவு, முன்பு எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் அவரை விட வேண்டும் என்கிறது. மற்றவர்களுக்குப் பாதி. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகளுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தாலும் பொருந்தாது. காவல் நிலையத்தில் ஒரு பையன் மேல் ஒரு வழக்குடன் நிறுத்திக்கொள்கிறார்களா என்ன? வாசலைத் திறந்து வைத்துவிட்டுப் பாதி வழியில் கயிறு கட்டிய ஏற்பாடு இது.

இருந்தாலும் அதே பிரிவில் ஒரு நல்ல வரி இருக்கிறது. அந்தக் காலம் முடிந்ததும் சிறைக் கண்காணிப்பாளரே உடனடியாக நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கைதிக்கு வக்கீல் இருக்கிறாரா, மனுப் போட ஆள் வருகிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டியதில்லை. கண்காணிப்பாளர் தேதியைப் பார்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான். 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், இது பழைய வழக்குகளுக்கும் பொருந்தும், கண்காணிப்பாளர்கள் கூடிய சீக்கிரம் வேலையை முடிக்கப் பாருங்கள் என்றும் சொல்லிவிட்டது. எழுதாவிட்டால் என்ன ஆகும்? பிரிவைத் திரும்பத் திரும்பப் படித்துப் பாருங்கள், ஒரு வார்த்தை கிடையாது. கைதி ஒரு நாள் தாமதமாகச் சரணடைந்தால் வாரன்ட். அதிகாரி ஒரு வருடம் தாமதமாக எழுதினால் ஒன்றுமில்லை.

பணமில்லாதவர்களுக்கென்று 2023-இல் ஒன்றிய அரசு ஒரு திட்டமும் கொண்டுவந்தது. அப்போது அறிவித்தது ஜாமீன் தொகைக்கு 40,000 ரூபாய் வரை, தண்டனை பெற்றவரின் அபராதத்துக்கு 25,000 வரை. ஆண்டுக்கு 20 கோடி. இதற்கு மாவட்டந்தோறும் குழு வேண்டும், குழு கூட வேண்டும், சிறையிலிருந்து பெயர் வர வேண்டும். பல மாநிலங்கள் தகுதியானவர்களின் பட்டியலையே எடுக்கவில்லை என்று உள்துறை அமைச்சகம் நினைவூட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறது. சிறை மாநிலப் பட்டியல், நாங்கள் என்ன செய்ய என்பது டெல்லியின் பதில். நிதி டெல்லியிடம், சட்டம் டெல்லியிடம் என்பது மாநிலத்தின் பதில். வாய்தாவுக்குக் கைதியைக் கூட்டிவரவில்லையே என்று கேட்டால் வழிக்காவலுக்கு ஆயுதப்படையில் ஆள் தரவில்லை என்பது சிறையின் பதில். பந்தோபஸ்துக்குப் போய்விட்டார்கள் என்பது போலீஸின் பதில். எல்லாமே உண்மைதான். அதனால்தான் யாரும் மாட்டுவதில்லை.

திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த ஸ்டான் சுவாமி என்ற பாதிரியார், ஜார்க்கண்டில் விசாரணைக் கைதிகளாக முடங்கிக் கிடந்த ஆதிவாசி இளைஞர்களுக்காக உயர் நீதிமன்றம் போனவர். 2020 அக்டோபர் 8 அன்று அவரையே கைது செய்தார்கள். வயது 83. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கி டம்ளரைப் பிடிக்க முடியாமல், உறிஞ்சுகுழல் வைத்த குவளை கேட்டு மனுப் போட்டார். பதில் சொல்லத் தேசியப் புலனாய்வு முகமை 20 நாள் அவகாசம் கேட்டது. 2021 ஜூலை 5 அன்று, ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போதே, விசாரணைக் கைதியாகவே இறந்தார். அந்த 20 நாளுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

நம் மாநிலம் தேவலாம் என்று ஒரு பேச்சு உண்டு. 2022 கணக்கில் டெல்லியிலும் உத்தரப் பிரதேசத்திலும் 100 பேர் இடத்தில் 170 பேருக்கு மேல் அடைந்து கிடக்க, தமிழ்நாட்டுச் சிறைகள் மொத்தத்தில் கொள்ளளவுக்குள்தான் இருந்தன. 1837-இல் கட்டிய சென்னை மத்தியச் சிறையை விட்டுப் புழலுக்குப் போனதும் நல்ல காரியம்தான். ஆனால் இடம் இருப்பதாலேயே நாம் கேள்வி கேட்பதை விட்டுவிட்டோம். இங்கேயும் உள்ளே இருப்பவர்களில் பாதிக்கு மேல் விசாரணைக் கைதிகள். தடுப்புக் காவலில் வைப்பதில் நாட்டிலேயே முன்வரிசை நாம்தான். 1982-ஆம் ஆண்டின் சட்டத்துக்கு "குண்டாஸ்" என்று செல்லப்பெயர் வைத்து, ஓர் ஆள் மேல் குண்டாஸ் பாய்ந்தது என்று தினசரிகள் கிரிக்கெட் ஸ்கோர்போலப் போடுகின்றன. அந்த உத்தரவுகளில் எத்தனையோ பின்னால் உயர் நீதிமன்றத்தில் ரத்தாகின்றன. அதற்குள் மாதங்கள் போய்விடும். ரத்தான உத்தரவில் கையெழுத்திட்ட அதிகாரியிடம் விளக்கம் கேட்டதாகச் செய்தி படித்திருக்கிறீர்களா?

2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் அடிபட்ட தந்தையும் மகனும் கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போய்ச் சேர நடுவில் மூன்று கையெழுத்து தேவைப்பட்டது. உடல் தகுதியாக இருக்கிறது என்று அரசு மருத்துவமனையில் ஒன்று, ரிமாண்ட் என்று மாஜிஸ்திரேட்டிடம் ஒன்று, உள்ளே எடுத்துக்கொண்டோம் என்று சிறை வாசலில் ஒன்று. மூன்றில் யாராவது ஒருவர் பேனாவை மூடி வைத்திருந்தால் இருவரும் பிழைத்திருக்கலாம். சி.பி.ஐ. குற்றப்பத்திரிகையில் இருந்தவர்கள் எல்லோரும் போலீஸ்காரர்கள். அது சரியான நடவடிக்கைதான், அதில் மறுபேச்சில்லை. மற்ற மூன்று கையெழுத்துகளைப் பற்றித்தான் நாம் பேசவே இல்லை.

புதிய சிறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இடிந்து விழும் கிளைச் சிறைகளை மாற்றத்தான் வேண்டும். நாடு முழுக்கச் சிறைப் பணியிடங்களில் ஏறத்தாழ 30 சதவீதம் காலியாக இருக்கும்போது புதுக் கட்டடத்துக்கு யாரைக் காவல் வைப்பார்கள் என்பது இருக்கட்டும். ஒரு மாநிலம் புதுச் சிறைக்குப் பணம் கேட்டுச் சட்டமன்றத்துக்கு வரும்போது, இருக்கிற சிறைகளில் சட்டப்படி வெளியே போயிருக்க வேண்டியவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கையும் சேர்த்துக்கொண்டு வரட்டும். அந்தக் கணக்கு இல்லாமல் மானியக் கோரிக்கை நிறைவேறுகிற வரை, நாம் திட்டம் என்று சொல்வதெல்லாம் சிமெண்ட் மதிப்பீடு.

கணக்கு தானாக வராது. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். உங்கள் மாவட்டச் சிறை நிர்வாகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ஜாமீன் உத்தரவு வந்து ஒரு வாரத்துக்கு மேலாகியும் உள்ளே இருப்பவர்கள் எத்தனை பேர், 479-ஆம் பிரிவில் கண்காணிப்பாளர் இதுவரை எத்தனை மனு எழுதினார், வழிக்காவல் கிடைக்காமல் சென்ற ஆண்டு எத்தனை வாய்தா தவறியது, ஏழைச் சிறைவாசிகளுக்கான குழு எந்தெந்தத் தேதியில் கூடியது. இந்த நான்கு கேள்விகள் போதும். பெயர்கள் வேண்டாம், எண்கள் மட்டும். உள்ளே இருப்பவர் உங்கள் உறவினர் என்றால், ஒருவருடைய உயிரும் சுதந்திரமும் சம்பந்தப்பட்ட தகவலை 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 7(1) பிரிவு சொல்வதையும் மனுவில் குறிப்பிடுங்கள். பதில் வந்தால் அதன் நகலை உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுத்து, அடுத்த மானியக் கோரிக்கையில் கேட்கச் சொல்லுங்கள். ஒரு நகல் எனக்கும் அனுப்புங்கள், இந்தப் பத்தியில் போடுகிறேன்.