வெற்றிடமும் வேற்றுமை உருபும்

மாணவர்களே! பலர் கூடி எழுதும் கலைக்களஞ்சியமாகிய விக்கிப்பீடியாவை நீங்கள் கண்டிருப்பீர்கள். தமிழில் அது 2003ஆம் ஆண்டு தொடங்கிற்று. அதன் கட்டுரைகளைப் பற்றி யான் ஈண்டு உரைக்கப் புகவில்லை. கட்டுரைகளைச் சூழ்ந்து நிற்கும் ‘தொகு’, ‘உரையாடல்’, ‘அண்மைய மாற்றங்கள்’ போன்ற சிறு தொடர்களே என் பொருள். இவற்றை இடைமுகத் தொடர்கள் என்பர். டிரான்ஸ்லேட்விக்கி என்னும் தளத்தில் தன்னார்வலர் இவற்றை மொழிபெயர்க்கின்றனர். ஒருமுறை பெயர்த்த தொடர் விக்சனரி, விக்கிமூலம் முதலியவற்றிலும் தோன்றும். ஆதலின் இங்கு நேரும் பிழை ஓர் ஏட்டோடு நில்லாது.

சொல்லுக்குச் சொல் வைத்தால் போதும் என்பார் உளர். யான் உடன்படேன். இத்தொடர்கள் சிலவற்றில் டாலர் குறியும் ஓர் எண்ணும் நிற்கும். அது வெற்றிடம், பக்கத்தின் பெயரைப் பொறி பின்னர் அவ்விடத்தில் இட்டுக்கொள்ளும். ஆங்கிலத்தில் ‘இல்’ என்னும் பொருளைத் தனிச்சொல் ஒன்று பெயருக்கு முன் நின்று தரும், பெயர் திரியாது. தமிழிலோ உருபு பெயரோடு ஒட்டும். ஒட்டும்போது பெயரும் திரியும். மரம் மரத்தில் என்றாகும். ஆறு ஆற்றில் என்றாகும். காடு காட்டில் என்றாகும். பொறி புணர்ச்சி இலக்கணம் கற்றதில்லை. வெற்றிடத்தின் பின் ‘இல்’ என்று மட்டும் எழுதி வைத்தால், அது ‘மரம்இல்’, ‘ஆறுஇல்’ என்று காட்டும். விடைத்தாளில் ஒரு மாணவன் இவ்வாறு எழுதியிருந்தால் என் சிவப்பு மை சும்மா இருந்திராது! ‘என்னும் பக்கத்தில்’ என்று அமைத்துவிட்டால் உருபைப் பக்கம் என்ற சொல் ஏற்கும். பெயர் திரியாமல் தப்பும். தொடர் சற்று நீளும், நீளட்டும்.

ஓரிடத்தில் தமிழ் நமக்கு எளிதாகின்றது. உருசிய மொழியில் இறந்தகால வினை, செய்தவர் ஆணா பெண்ணா என்பதற்கேற்ப வேறுபடும். நாமோ ‘நீக்கினார்’ என்று இருவர்க்கும் பொதுவாகக் கூறி அமையலாம்.

‘சேமி’ என்பதா, ‘சேமிக்கவும்’ என்பதா என்றொரு வழக்கும் உண்டு. முன்னது மரியாதைக் குறைவு என்பர் சிலர். பொத்தானில் உள்ள சொல் யார் யாரிடம் கூறுவது? அழுத்துபவர் பொறியை ஏவுகின்றார். பொறிக்கு ஏவல் ஒருமை போதாதா? பொறி நம்மை வேண்டும் இடத்தில் ‘கடவுச்சொல்லை இடுக’ என வியங்கோள் வரட்டும்.

எழுதிப் பழகும் பக்கத்திற்கு ‘மணல்தொட்டி’ என்று பெயர். அது நேர்மொழிபெயர்ப்பே, ஆங்கிலத்தில் குழந்தைகள் விளையாடும் தொட்டியைக் குறிப்பது. எனினும் திண்ணைப்பள்ளியில் மணலில் எழுத்துப் பழகிய நாட்டில் அச்சொல் தானே பொருந்திவிட்டது. பொதுச்செய்திகளைக் கூடிப் பேசும் பக்கத்தின் ஆங்கிலப் பெயரோ ஊரார் நீர் இறைக்கும் குழாயைக் குறிப்பது. அதனை அப்படியே ‘ஊர்க்குழாய்’ என்று பெயர்த்திருந்தால் நமக்குக் குடங்களின் வரிசைதான் நினைவுக்கு வரும். தமிழ் விக்கிப்பீடியர் அதற்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயரிட்டனர். எங்கள் ஊரில் வாய்க்கால் வழக்குகள் பேசித் தீர்ந்ததும் அத்தகைய மரத்தின் நிழலிலேதான்.