எடை ஒன்று, எண்ணிக்கை வேறு

தேவாரத்துக்கு மேற்கே எழுந்து நிற்கும் ஏலமலையில், மழைக்காலத்துக்கு முன்னரே ஏலச்செடிகளுக்கு நீலநிறக் கலவை ஒன்றைத் தெளிப்பர். காயழுகலைத் தடுக்கும் அக்கலவைக்குப் பிரெஞ்சு நாட்டுப் போர்தோ நகரால் பெயர் வந்தது. மில்லார்தே என்னும் அறிஞர் 1885இல் அதன் பயனை வெளியிட்டார். 100 இலிட்டர் நீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு என்பது தோட்டத் தொழிலாளர் கையறிந்த அளவு. அவர்தம் பிள்ளைகளோ 11ஆம் வகுப்பில், ‘நிறையை மோலார் நிறையால் வகுத்தால் மோல்’ என நெட்டுருச் செய்கின்றனர். எதனை எண்ணுகிறாய் என்று கேட்டால் வாய் திறவார். குறை பிள்ளைகளுடையதன்று.

மோல் என்பது எடையன்று, தமிழரீர், எண்ணிக்கை! நூறு போல, கோடி போல, ஒரு தொகைக்கு இட்ட பெயர். 6.02214076 × 10²³ துகள்கள் சேர்ந்தது ஒரு மோல் என்பது 2019 மே 20 முதல் நடப்பிலுள்ள உலக வரையறை. அத்துணைத் துகளை எவர் எண்ண வல்லார்? ஆகவே நிறுத்து எண்ணுகிறோம். நூறு ஏலக்காயின் எடை தெரிந்தால், மூட்டையை நிறுத்தே காய்த்தொகையைச் சொல்லிவிடலாம் அல்லவா? கணக்கு அவ்வளவே.

மயில்துத்தத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு மோலில் செம்பு 63.5, கந்தகம் 32, உயிர்வளி 64, உடன் பிணைந்த நீர் 90 கிராம். ஆகமொத்தம் ஏறத்தாழ 250. எனவே ஒரு கிலோவில் 4 மோல். சுட்ட சுண்ணாம்பின் ஒரு மோல் 56 கிராமே. ஒரு கிலோவில் ஏறத்தாழ 18 மோல். நிறைகோலில் இரண்டும் சமன். எண்ணிக்கையில் நான்கு மடங்கினும் மேல்! வினைக்கு ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்றே போதும். தூய சுண்ணாம்பாயின் 224 கிராம் போதுமே, பின் ஏன் ஒரு கிலோ? காற்றில் கிடந்த சுண்ணாம்பு கரியமில வளியை உண்டு வலிவிழக்கும். கல்லும் மண்ணும் அதில் கலந்திருக்கும். சுண்ணாம்பு குறைந்தாலோ, எஞ்சிய துத்தம் இலையைக் கருக்கிவிடும். அதனாலேயே மிகையாக இட்டனர். தீட்டிய கத்தியைக் கலவையில் தோய்த்துப் பார்ப்பதும் இதற்கே. செந்நிறம் ஏறினால் அது செம்பு. சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். எழுதப்படிக்கத் தெரியாதவரும் செய்து வந்த வேதியியல் ஆய்வு இது.

இவற்றுள் எது தமிழுக்கு அடங்கவில்லை? அறிவியலுக்குத் தமிழ் ஆகாது என்பார், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் கிறீனின் முயற்சியை அறியார். அவர் முயற்சியால் 1875இலேயே வேதியியல் நூல் தமிழில் அச்சேறியது. ‘கெமிசுதம்’ என்னும் அதன் பெயர் நமக்குக் கசக்கிறது, உண்மை. ஆயினும் பாடம் தமிழில் நடந்தது.

ஈழத்துப் பாடநூல்கள் ‘மூல்’ என்றும் ‘திணிவு’ என்றும் வழங்க, நாம் ‘மோல்’ என்றும் ‘நிறை’ என்றும் வழங்குகிறோம். ஒரே மொழிக்கு ஏன் இரு வழக்கு? இரு நாட்டு ஆசிரியரும் கூடி ஒன்றைத் தேர்தல் வேண்டும். (மூலம் தமிழா வடமொழியா என்னும் வழக்கைப் பிறிதோர் இதழில் பார்ப்போம்.) ஆனால் சொல்லைச் செப்பனிடும்வரை பாடம் காத்திருக்க வேண்டியதில்லை. தேவாரத்திலும் போடியிலும் வேதியியல் கற்பிக்கும் ஆசிரியர், வாய்பாட்டைக் கரும்பலகையில் எழுதுமுன் ஒரு நிறைகோலையும் ஒரு பிடி ஏலக்காயையும் வகுப்புக்குள் கொண்டுவரட்டும்.