இரண்டாயிரம் ரூபாயும் ஒரு வாக்குறுதியும்

நேயர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் விடுத்திருக்கிறார். அரசினரும் அறக்கட்டளையினரும் கைகோத்துக் குடிசைப் பகுதிகளைச் சீராக்க வருகிறார்கள் என்று நாளிதழ்களில் அடிக்கடி படிக்கிறோமே, அவ்வாறு அவர்கள் வரும்பொழுது அங்குக் குடியிருப்பவன் செய்யவேண்டுவது யாது? கொடுப்பதை வாங்கிக்கொண்டு வாழ்த்திவிட்டு இருப்பதுதானா? இதுவே அவர் வினா. சிறிய வினாவன்று. ‘ஆம்’ என்றோ ‘அன்று’ என்றோ ஒரு சொல்லில் விடை கூறாமல், நேயர்களை ஆமதாபாத்து நகரத்திற்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

அந்நகரம் நம்மவர்க்குப் புதிதன்று. பஞ்சாலைகளை நம்பி அங்குச் சென்று, மணிநகர் முதலிய இடங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. 1980-களிலும் அதற்குப் பின்னரும் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டபோது, பல மொழி பேசும் தொழிலாளர் பல்லாயிரவர் வேலையிழந்தனர். ஆலை போயிற்று, ஆனால் ஆலையை நம்பி எழுந்த குடிசைகள் போகவில்லை. குழாய் இல்லை, கழிவிடம் இல்லை, மழை பெய்தால் சந்தெல்லாம் சேறு. நகரத்தார் அவற்றை நகரத்தின் புண்ணென்றே கருதினர்.

ஹிமான்ஷு பாரிக் என்னும் பொறியியலார் வேறு விதமாகக் கருதினார். குடிசைகள் பெரும்பாலும் எங்கே எழுகின்றன? வேறெவரும் விரும்பாத தாழ்ந்த நிலத்தில், ஓடைக் கரையில், மழைநீர் தானாக வடியும் வழியில். பாதாளச் சாக்கடை போடுவோர் தேடும் வழியும் அதுதானே! ஆகவே, குடிசைப் பகுதிகளைத் தனித்தனித் தீவுகளாக எண்ணாமல், அவற்றை ஒன்றோடொன்று இணைத்து நகரம் முழுமைக்கும் குழாய் இட்டால், குடிசையும் துப்புரவாகும், நகரமும் துப்புரவாகும், செலவும் குறையும் என்பது அவர் கண்ட வழி. இதனை முதலில் இந்தூர் நகரில் செய்து காட்டினார். அப்பணி 1998-இல் ஆகாகான் கட்டடக்கலை விருதும் பெற்றது. அடுப்படியிலிருந்து நீர் வடியும் வாட்டத்தை நம் வீட்டுப் பெண்கள் அறிவது போல ஊரின் வாட்டத்தை அறிந்தவர் அவர் என்று சொல்லலாம்.

ஆமதாபாத்தில் இம்முறை 1995-இல் சஞ்சய்நகர் என்னும் சிறு குடியிருப்பில் தொடங்கப்பெற்றது. அங்கு இருந்தவை 181 குடும்பங்கள். நகராண்மைக் கழகம் ஒருபுறம். அரவிந்த் ஆலையினர் நிறுவிய சாரதா அறக்கட்டளை ஒருபுறம். மக்களிடையே நாள்தோறும் பழகி வேலை செய்ய ‘சாத்’ என்னும் தொண்டு நிறுவனம் ஒருபுறம். குடும்பம் ஒன்றுக்கு ஆகும் செலவை 6000 ரூபாய் என மதிப்பிட்டு மூன்றாகப் பகுத்தார்கள். கழகத்தின் பங்கு 2000. ஆலையின் பங்கு 2000. குடிசைக்காரர் பங்கும் 2000. பிற்காலப் பராமரிப்பிற்கென மேலும் 100 ரூபாய் குடிசைக்காரர் தரவேண்டும்.

இவ்விடத்தில் நேயர்கள் சற்றே நிற்றல் வேண்டும். கோடிகளைக் கையாளும் கழகமும், உலகெங்கும் துணி விற்கும் ஆலையும் தருகின்ற அதே தொகையைக் கூலி வேலை செய்யும் ஒரு குடும்பமும் தரவேண்டுமாம்! இது நீதியா என்று நாமும் முதலில் ஐயுற்றோம். எண்ணிப் பார்க்கையில் வேறொன்று புலனாயிற்று. பணம் தந்தவன் கேள்வி கேட்பான். குழாய் ஆழமாகப் பதிக்கப்பட்டதா, சாக்கடை மூடி சரியாகப் பொருந்துகிறதா, தெருவிளக்கு ஏன் எரியவில்லை என்று கேட்க அவனுக்கு வாய் உண்டு. தானம் பெற்றவனுக்கு அவ்வாய் இராது. எனினும், ஒரே நாளில் இரண்டாயிரத்தை எண்ணி வைக்க எவரால் இயலும்? எலா பட் அம்மையார் தொடங்கிய சேவா இயக்கத்தின் மகளிர் வங்கி இத்திட்டத்தில் இதற்குத் துணை நின்றது. சிறுகச் சிறுகச் சேமிக்கவும், குறைந்ததைக் கடனாகப் பெறவும் பெண்களுக்கு வழி உண்டாயிற்று.

தந்த பணத்திற்குக் கிடைத்தது என்ன? வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய், தனிக் கழிவறை, பாதாளச் சாக்கடை, மழைநீர் வடிகால், தளமிட்ட சந்துகள், தெருவிளக்கு, குப்பை அகற்றும் ஏற்பாடு, சில மரங்கள். வீடு மட்டும் எவரும் கட்டித் தரவில்லை! இஃது அத்திட்டத்தின் குறையன்று. அதன் அறிவு என்றே நாம் கருதுகிறோம். வெளியார் கட்டித் தந்த அடுக்குமாடிகள் சில ஆண்டுகளில் வண்ணம் உதிர்ந்து, மின்தூக்கி நின்று, மேல்மாடிக் கிழவியர் இறங்க வழியின்றித் தவிப்பதை நம் நகரங்களில் காண்கிறோமல்லவா? நீரும் வெளிச்சமும் வந்துவிட்டால், வீட்டைத் திருத்திக்கொள்ள ஏழைக்குத் தெரியும். இவ்வாண்டு ஒரு சுவர். மறு ஆண்டு ஒரு தளம்.

ஆனால் அந்தச் சுவரை எழுப்ப அவன் துணியவேண்டுமே! நாளை இடித்துத் தள்ளப்படும் இடத்தில் எவன் செங்கல் அடுக்குவான்? இதனை உணர்ந்துதான் நகராண்மைக் கழகம் மற்றொன்றையும் தந்தது. பத்து ஆண்டுகளுக்குள் அப்பகுதியை அகற்றுவதில்லை என்று எழுத்தில் வாக்களித்தது. மூவர் பங்கிலும் விலைமதிப்பு மிக்கது இதுவே என்போம். இதற்கு அரசினர்க்கு ஒரு காசும் செலவில்லை என்பது வியப்பு. செலவில்லாத இதனைத் தருவதற்குத்தான் பல இடங்களில் அவர்களுக்கு மனம் வருவதில்லை என்பது அதனினும் வியப்பு.

குறைகளையும் மறைத்தலாகாது. சஞ்சய்நகரைக் கண்டு மற்றத் தொழிலதிபர்களும் முன்வருவார்கள் என்று எதிர்பார்த்தனர். எதிர்பார்த்தவாறு அவர்கள் வரவில்லை. பிற பகுதிகளுக்குத் திட்டம் பரவியபோது ஆலைகள் ஏற்கவேண்டிய பங்கையும் கழகமே சுமக்க நேர்ந்தது. வேலையும் மெதுவாகவே நடந்தது. செல்வரின் அறம் வழியைத் திறந்து காட்டும். நெடுந்தொலைவு உடன் நடக்கும் என்று நம்பியிருத்தல் பிழை. பத்தாண்டு என்பதும் எத்துணைக் காலம்? வாக்குறுதி வந்த ஆண்டில் முதல் வகுப்பிற் சேர்ந்த குழந்தை பத்தாம் வகுப்புத் தேர்வெழுதும்போது அது முடிந்துவிடும்.

இக்குறையைத் தீர்க்கும் முயற்சியை ஒரிசாவில் காண்கிறோம். அம்மாநிலத்தார் 2017-இல் குடிசைவாழ் மக்களுக்கு நில உரிமை தரும் சட்டம் ஒன்றை இயற்றினர். டாட்டா அறக்கட்டளையினர் துணை நின்றனர். ஆளில்லா வானூர்தி கொண்டு மேலிருந்து படமெடுத்து, பின்னர் வீடுவீடாகச் சென்று சரிபார்த்து, மனையின் எல்லை வரையப்பெற்றது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் உரிமைச் சான்று. அது மக்களுக்கு வழிவழி சேரும். அடகு வைத்து வீட்டுக் கடன் பெறலாம். விற்க மட்டும் இயலாது. பத்தாண்டு வாக்குறுதி அங்கே பரம்பரை உரிமையாயிற்று. விற்க இயலாமை நன்றா என்பதில் நம்முள்ளே கருத்து வேறுபாடு உண்டு. ஒருநாள் ஊர் திரும்ப எண்ணும் நம் போன்றார்க்கு அது கட்டுப்பாடே. ஆயினும் கந்துவட்டிக்காரன் கையில் மனை போய்ச் சேராமல் தடுக்கும் வேலியும் அதுவே.

இனி நாம் வாழும் மும்பைக்கு வருவோம். இங்கு இத்தகைய கூட்டு முயற்சியின் முதற்படி நம்மவர் ஒருவரால் இடப்பட்டது என்பதை நம் இளைஞருள் பலர் அறியார். கோலார் தங்கவயலில் பிறந்து இந்நகருக்கு வந்த ஜோக்கின் அற்புதம் அவர்களையே குறிப்பிடுகிறோம். அவர் வாழ்ந்த ஜனதா காலனி 1976-இல் இடிக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1974-இல், குடிசைவாழ் மக்களின் தேசியக் கூட்டமைப்பைத் தொடங்கியிருந்தார். பின்னர் ஸ்பார்க் என்னும் தொண்டு நிறுவனத்தோடும், மகிளா மிலன் என்னும் பெண்கள் அமைப்போடும் சேர்ந்து உழைத்தார். 2000-இல் மகசேசே விருதும், 2011-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்று, 2018-இல் மறைந்தார்.

அவர்கள் கையாண்ட கருவி மிக எளியது: கணக்கெடுப்பு. அரசினர் எண்ண வருமுன் மக்களே தம்மை எண்ணிக்கொள்வது. 1985-இல் நடைபாதைவாசிகளை ஸ்பார்க் நிறுவனத்தார் எண்ணி வெளியிட்டனர். நாள் முழுதும் கண்முன் இருந்தும் எந்த ஏட்டிலும் இல்லாதவர்கள் அன்று ஏட்டில் ஏறினர். இரயில் பாதையோரம் வாழ்ந்தவர்களுக்கு மாற்றிடம் தரும் பெருந்திட்டம் வந்தபோது, குடும்பங்களைக் கணக்கிட்டு இடம் மாற்றும் பணியில் பெரும்பகுதியை அரசினர் இவர்களிடமே ஒப்படைத்தனர். இருப்புப்பாதைக்கு அருகே இருந்த தம் குடிசைகளைத் தாமே பின்னுக்குத் தள்ளிக் கட்டிக்கொண்டவர்களும் உண்டு.

நேயரின் வினாவிற்கு விடை இங்கேதான் இருக்கிறது. கொடுப்பவர் இருவரும் நல்லவராகவே இருக்கட்டும். அவர்கள் ஏட்டில் நம் பெயர் இல்லையேல் நாம் இல்லை. மகாராட்டிரத்தில் 2000-ஆம் ஆண்டு சனவரி 1-ஆம் நாளுக்கு முன்பே குடியிருந்ததற்குச் சான்று உடையார்க்கு மாற்று வீடு இலவசம்; அதற்குப் பின், 2011 சனவரி 1 வரை வந்தவர்க்கு விலை கொடுத்துப் பெறும் தகுதி உண்டு. ஒரு நாள் வேறுபாட்டில் ஒரு வீடு!

இதனை எழுதும்போது நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் நினைவுக்கு வருகிறது. முப்பது ஆண்டுகளாக ஒரே சந்தில் இட்டலி விற்று வாழ்ந்தவர்கள். மே மாதம் குலதெய்வக் கோவில் கொடைக்காகத் திருநெல்வேலிப் பக்கம் சென்றிருந்தனர். அச்சமயம் கணக்கெடுக்க வந்தவர்கள் கதவில் ‘பூட்டப்பட்டது’ என்று குறித்துவிட்டுப் போய்விட்டனர். திரும்பி வந்து அவ்வொரு சொல்லை மாற்றுவதற்கு அந்த அம்மையார் எத்தனை அலுவலகப் படிகள் ஏறினார் என்பதை நாம் அறிவோம். அண்டை வீட்டு மராத்தியப் பெண்மணி உடன் வந்து சாட்சி சொன்னபின்னரே காரியம் கைகூடிற்று.

மே மாதத்தில் ஊருக்குப் போகவேண்டா என்று யாம் சொல்லவில்லை. சொன்னாலும் எவர் கேட்பர்? போகுமுன் நம்பிக்கையான அண்டை வீட்டாரிடம் சாவியும் தொலைபேசி எண்ணும் சான்றுகளின் நகலும் தந்து செல்லுதல் நலம். மனைச் சான்றில் மனைவி பெயரையும் சேர்க்கக் கேளுங்கள். ஞாயிறு மாலைகளில் சங்க நூலகத்தில் மராத்திப் படிவங்களைப் படித்துக் காட்டி நிரப்பித் தர நம் இளைஞர் இருவர் இசைந்திருக்கின்றனர். வருவோர் பழைய வாக்காளர் பட்டியல் நகல், ரேஷன் அட்டை, கிடைத்தவரையில் பழைய மின்கட்டணச் சீட்டுகள் ஆகியவற்றை உடன் கொண்டு வருக.