சிறகுக்குக் கொடுக்கும் விலை

பசிய வயலின் நடுவே, தீயிட்டாற்போல வட்டமாகக் கருகிநிற்கும் நெற்பயிரைச் சிலர் கண்டிருப்பீர்கள். அங்கே தீ வரவில்லை. நெல்மணியிலும் சிறிய பூச்சியொன்று வந்தது. கபிலநிறத் தத்தி என்பது அதன் பெயர். பயிரின் அடித்தண்டிலே சாற்றை உறிஞ்சுவது அதன் தொழில்.

மாணவர்களே, இப்பூச்சியிடம் ஒரு விந்தை உண்டு. ஒரே தாயின் பிள்ளைகளுள் சில நீள்சிறகு பெற்றுப் பறக்கும். சில குறுஞ்சிறகோடு பிறந்த வயலிலேயே தங்கும். பயிர் இளமையாகவும் இடம் தாராளமாகவும் இருப்பின் குறுஞ்சிறகின மிகும். பயிர் முதிர்ந்து நெருக்கமும் கூடினால் நீள்சிறகின மிகும். உடலினுள் இதனைத் தீர்மானிப்பவை இரண்டு இன்சுலின் வாங்கிகள் எனச் சீன ஆராய்ச்சியாளர் 2015ஆம் ஆண்டிலே காட்டினர். ஒன்று நீள்சிறகை வளர்க்கும். மற்றையது அதனைத் தடுக்கும்.

சிறகு இலவசமாகக் கிடைப்பதன்று. சிறகுக்கும் பறக்குந் தசைக்கும் உணவு செலவாகும். குறுஞ்சிறகுப் பெண்ணோ அவ்வுணவை முட்டைக்கே செலவிடும். ஆதலின் முந்தியே முட்டையிடும், மிகுதியாகவும் இடும்.

அப்படியாயின் சிறகு எதற்கு? யப்பானின் குளிர்காலத்தை இப்பூச்சி தாங்காது. ஆயினும் ஆண்டுதோறும் ஆனி, ஆடி மாதங்களில் தென்சீனத்திலிருந்து காற்றிலேறி அங்கே வந்துசேரும். 1967 யூலையில், யப்பானுக்குத் தெற்கே சுமார் 500 கிலோமீற்றர் தொலைவில் நடுக்கடலில் நின்ற வானிலைக் கப்பலொன்றைத் தத்திக் கூட்டம் சூழ்ந்தது. அவை கடல் கடப்பதற்கு அது கண்கண்ட சான்றாயிற்று.

வந்திறங்குபவை சிலவே. அவற்றின் வழித்தோன்றல்களுள் குறுஞ்சிறகின பெருகி, இரண்டு மூன்று தலைமுறைக்குள் வயலை நிறைத்துவிடும். பின்னர் நெருக்கம், மீண்டும் சிறகு, மீண்டும் பயணம்.

கமக்காரருக்கு இதிலே ஒரு பாடம் உண்டு. நீள்சிறகின திரளாகக் கிளம்பும் நாளில் மருந்து தேடுவது, கொள்ளைபோன பின் கதவடைப்பதாகும். முன்னதாகவே பயிரை விலக்கி அடித்தண்டைப் பாருங்கள். குறுஞ்சிறகுப் பெண்கள் தென்பட்டால் பெருக்கம் தொடங்கிவிட்டதென அறியலாம். கண்டவுடன் கண்டபடி நஞ்சு தெளித்தலும் ஆகாது. தத்தியைத் தின்னும் சிலந்திகளும் அதனால் மடியும். எஞ்சிய தத்திகள் முன்னிலும் பெருகும்.

பறப்பதை மட்டுமே நாம் பார்க்கிறோம். பயிரை அழிப்பவை பெரும்பாலும் பறக்காதவையே.