மாத்திரை வந்துவிட்டது, பரிசோதனை எப்போது வரும்?

எனக்கு இருப்பது ரத்தப் புற்றுநோய். ஒரத்தநாடு பக்கம் ஒன்பது மா நிலத்தில் நெல் போடுகிறேன், வரப்பு வெட்டுகிறேன், கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு காத்துக் கிடக்கிறேன். "பிளட் கேன்சர் வந்த ஆள் இப்படியா இருப்பார்?" என்று ஊரில் இன்னும் சந்தேகப்படுகிறவர்கள் உண்டு.

அவர்கள் சினிமாவில் பார்த்த நோய் வேறு. சி.எம்.எல். என்று டாக்டர்கள் சொல்லும் இந்த வகை மெதுவாக வளர்வது. ஆண்டுக்கு லட்சத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ வருவது. 9, 22 ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால் உண்டாகும் ஒரு புரதம் வெள்ளையணுக்களைப் பெருக்கிக்கொண்டே போகிறது. அதை அடக்கும் இமாடினிப் மாத்திரைக்கு 2001இல் அமெரிக்கா அனுமதி தந்தது. அதற்கு முன்பு, எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொள்ள முடியாதவர்களில் பலர் சில ஆண்டுகளே இருந்தார்கள். இன்று மருந்துக்கு நோய் அடங்குகிறவர்களின் ஆயுள் மற்றவர்களுடையதற்கு ஏறக்குறைய சமம்.

அந்த மாத்திரை என் போன்றவன் கைக்குக் கிடைத்ததில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. அதைத் தயாரித்த நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் காப்புரிமை விண்ணப்பத்தை 2006இல் நிராகரித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். அந்த நிராகரிப்புக்கு அடிப்படையான சட்டப் பிரிவையே எதிர்த்து நிறுவனம் போட்ட வழக்கை 2007இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை கிடையாது என்று முடித்துவைத்தது. நிறுவனத்தின் மருந்து மாதத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் அளவில் இருந்தபோது, இந்தியக் கம்பெனிகளின் மருந்து பத்தாயிரத்துக்குள் கிடைத்தது.

ஆனால் மாத்திரையோடு வைத்தியம் முடிவதில்லை. ரத்தத்தில் அந்தக் கோளாறான மரபணு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பி.சி.ஆர். பரிசோதனையில் பார்க்க வேண்டும். மூன்றாம் மாதம் 10 சதவீதத்துக்குள், ஆறாம் மாதம் 1 சதவீதத்துக்குள், ஓராண்டில் 0.1 சதவீதத்துக்குள் வர வேண்டும் என்பது கணக்கு. வராவிட்டால் டாசாடினிப், நிலோடினிப் என்று அடுத்த மருந்துக்குப் போகலாம். அவற்றுக்கும் அடங்காத ஒரு மரபணு மாற்றத்துக்குப் பொனாடினிப் இருக்கிறது. கடைசியில் மஜ்ஜை மாற்று. எதற்கு எப்போது மாறுவது என்று சொல்வது அந்த எண்தான். மேட்டூர் நீர்மட்டம் தெரியாமல் குறுவைக்கு விதை விடுவோமா?

அந்த எண்ணுக்காகத்தான் டெல்டாவிலிருந்து சென்னைக்கும் வேலூருக்கும் புதுச்சேரிக்கும் போய்வருகிறோம். மருத்துவமனை வரிசையில் நான் சந்திக்கும் நடவாள் பெண்களுக்கு, போய்வருவது என்றால் கூலி போகும். துணைக்கு வருகிறவரின் கூலியும் போகும். அதனால் நடவிலும் அறுவடையிலும் பரிசோதனை தள்ளிப்போகிறது. பரிசோதனை தள்ளிப்போனால், அங்கேயே வாங்கும் மாத்திரையும் தவறுகிறது. தவற இன்னொரு காரணமும் உண்டு. சாப்பிட்டுவிட்டு நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டிய மாத்திரை அது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். விடிவதற்கு முன் வயலில் இறங்குகிறவர் எப்போது சாப்பிடுவார்?

மாத்திரை தவறினால் என்ன ஆகும்? லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனை 87 நோயாளிகளைக் கவனித்து 2010இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. மாத்திரையில் 90 சதவீதத்துக்கு மேல் ஒழுங்காகப் போட்டவர்களுக்கு ஆறு ஆண்டுகளில் நோய் நன்றாக அடங்கும் வாய்ப்பு 94.5 சதவீதம். அதற்குக் குறைவாகப் போட்டவர்களுக்கு 28.4 சதவீதம். பத்து சதவீதம் என்பது மாதத்துக்கு மூன்று மாத்திரைதான். 'உடம்பு நல்லாத்தானே இருக்கு' என்று நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. நிறுத்தவும் வழி இருக்கிறது. ஆனால் பல ஆண்டுகள் மருந்து எடுத்து, நோய் பரிசோதனையில் தெரியாத அளவுக்கு அடங்கியவர்களுக்கு, டாக்டர் மேற்பார்வையில் மட்டும். அதற்கும் அடிக்கடி பி.சி.ஆர். வேண்டும்.

அரிதான நோய்க்கு ஊருக்கு ஊர் பி.சி.ஆர். இயந்திரம் வைக்க முடியுமா என்று கேட்பார்கள். வேண்டாம். நோயாளி பயணம் போகத் தேவையில்லை, ரத்தம் போனால் போதும். டெல்டா மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளில் குறித்த நாளில் ரத்தம் எடுத்துத் தஞ்சாவூரில் சேர்த்தால், இரவு உழவன் எக்ஸ்பிரஸில் ஏறிக் காலையில் சென்னை ஆய்வகத்துக்குப் போய்விடும். முடிவு டாக்டருக்கும் நோயாளிக்கும் போனில் வரட்டும். எண் சரியாக இருப்பவர்களுக்கு மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கட்டும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலுக்கு மாத்திரை கொண்டுவருகிறது. அதே ஊழியர் எங்களையும் பார்த்து, 'மாத்திரை போட்டாச்சா?' என்று ஒரு வார்த்தை கேட்கட்டும்.

இதற்குச் செலவு ஆகும். ஆனால் ஒருவருக்கு இமாடினிப் கேட்காமல் போனதை இரண்டு ஆண்டு கழித்துக் கண்டுபிடித்தால், அதற்குள் நோய் முற்றியிருக்கும். பிறகு ஆகும் செலவு பல மடங்கு. காப்பீட்டுத் திட்டம் கொடுத்தாலும் அது அரசுப் பணம்தான். வழக்காடிப் பெற்ற மலிவு மருந்தை, ஒரு குழாய் ரத்தம் அனுப்பச் சோம்பல்பட்டு வீணாக்கக் கூடாது.